அவர்களும் ஆடுகிறார்கள் ஹாக்கி!

ஹாக்கி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பச்சைப் புல்தரையும், வளைந்த மட்டையும், தியான் சந்தின் பெயரும்தான். ஆனால் கனடா நாட்டுச் சிறுவன் ஒருவனிடம் போய் "ஹாக்கி" என்று சொல்லிப் பாருங்கள். அவன் கண்முன் தோன்றுவது வெண்ணிறப் பனித்தளம்! ஏரிகளும் குளங்களும் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் அந்நாட்டில், எஃகு அலகு பொருத்திய சறுக்குக் காலணி அணிந்து ஆடும் பனி ஹாக்கியே ஹாக்கி. 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மான்ட்ரியல் நகரில், கூரையிட்ட அரங்கினுள் இந்த ஆட்டம் முதன்முதலாக முறைப்படி நடைபெற்றது. இதில் பந்து கிடையாது. 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வில்லை ஒன்றுதான் உண்டு. ஏழரை சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 170 கிராம் எடையும் உள்ள அந்த வில்லை, தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் நம் ஊர் விரைவு ரயிலைவிட வேகமாகப் பாயும்.

இத்துணை வேகமான ஆட்டத்தை அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஆட முடியுமா? தோழியரே, இக்கேள்விக்கு "முடியாது" என்றே உலகம் நெடுங்காலம் விடை சொல்லி வந்தது. அந்த விடை எப்படிப் பொய்யானது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். அறிவுத்திறன் குறைபாடு வேறு, மனநோய் வேறு. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம். மருந்தினால் குணமாகவும் கூடும். அறிவுத்திறன் குறைபாடோ பிறப்பிலோ இளமையிலோ ஏற்படுவது. கற்பதும், புரிந்து கொள்வதும், அன்றாட வேலைகளைத் தாமே செய்து கொள்வதும் இவர்களுக்குத் தாமதமாகும். தாமதமாகும் என்றுதான் சொன்னோம், நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நம் உயிரியல் பாடத்தில் மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டு என்று படிக்கிறோம் அல்லவா? 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்து விட்டால், பிறக்கும் குழந்தைக்கு டவுன் கூட்டறிகுறி உண்டாகிறது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உரிய பல காரணங்களுள் இதுவும் ஒன்று. பெற்றோரின் பாவமோ, கிரகணமோ காரணம் அல்ல. (நம் தெருக்களில் இன்றும் இப்படிப் பேசுவோர் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.)

1960களின் தொடக்கத்தில் டொரன்டோ நகரில் ஃபிராங்க் ஹேடன் என்ற உடற்கல்வி ஆய்வாளர் இத்தகைய பிள்ளைகளின் உடல்திறனை அளந்து பார்த்தார். மற்றப் பிள்ளைகளுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதித் திறனே இவர்களுக்கு இருந்தது. வேறு யாராக இருந்தாலும், "குறைபாட்டின் விளைவு இது" என்று எழுதிவிட்டு ஏட்டை மூடியிருப்பார். ஹேடனோ, "ஏன்?" என்று கேட்டார். இப்பிள்ளைகள் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தனர். விழுந்து விடுவான் என்று தாய் ஓட விடவில்லை. புரியாது என்று ஆசிரியர் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. பிற சிறுவர்களும் அழைக்கவில்லை. ஓடாத கால் எப்படி உறுதிப்படும்? முறையான உடற்பயிற்சி கொடுத்ததும் அவர்களுடைய உடல்திறன் உயர்ந்தது. அப்படியானால் தடையாக நின்றது குறைபாடு அன்று, வாய்ப்பின்மையே! இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். பிள்ளைகள் மேல் கொண்ட அன்பினாலேயே அவர்களை உட்கார வைத்து, அவர்களின் கால்களை வலுவிழக்கச் செய்திருக்கிறார்கள் பெரியவர்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார் இதே எண்ணத்துடன் உழைத்துக் கொண்டிருந்தார். இவர் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் தங்கை. இவர்களின் சகோதரி ரோஸ்மேரி 1918இல் பிறந்தவர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். 1941இல் ரோஸ்மேரிக்குச் செய்யப்பட்ட மூளை அறுவை சிகிச்சை தோல்வியுற்று, நடையும் பேச்சும் பெரிதும் பாதிக்கப்பட்டன. பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் நடத்திய புனித கொலெட்டா இல்லத்தில், 2005இல் இறக்கும் வரை பல்லாண்டுகள் வாழ்ந்தார். அந்நாளில் பெரிய குடும்பங்கள் இத்தகைய பிள்ளை இருப்பதையே வெளியில் சொல்வதில்லை. யூனிஸ் அம்மையாரோ 1962இல் புகழ்பெற்ற இதழ் ஒன்றில் தம் சகோதரியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு கோடைக் காலத்தில் மேரிலாந்தில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தையே இப்பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாமாக ஆக்கினார்.

பிறகு ஹேடனும் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். சிக்காகோ நகரப் பூங்காத் துறையில் ஆசிரியையாகப் பணிபுரிந்த ஆன் மெக்லோன் (பின்னர் ஆன் பர்க்) என்ற இளம்பெண், நகரளவில் ஒரு போட்டி நடத்தத் திட்டம் கொண்டு வந்தார். அத்திட்டம் விரிந்து, 1968 ஜூலையில் சிக்காகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதலாவது 'சிறப்பு ஒலிம்பிக்' நடந்தது. சுமார் ஆயிரம் வீரர்கள், வீராங்கனைகள். பல்லாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் பார்க்க வந்தவர்களோ வெகு சிலர்!

அந்தப் போட்டிக்குக் கனடாவிலிருந்து ஓர் அணி வந்தது. அழைத்து வந்தவர் ஹாரி ஃபாஸ்டர். விளம்பரத் தொழிலிலும் விளையாட்டு ஒலிபரப்பிலும் பெயர் பெற்றிருந்த அவருடைய தம்பிக்கும் இதே குறைபாடு இருந்தது. அந்த அணி ஆடியதுதான் தரை ஹாக்கி! ஊருக்குத் திரும்பிய ஃபாஸ்டர் அடுத்த ஆண்டே, அதாவது 1969இல், டொரன்டோவில் கனடாவுக்கென்று போட்டி நடத்தினார்.

பனி ஹாக்கியைத் தரைக்குக் கொண்டு வந்தவர்களின் அறிவுக்கூர்மையை என்னென்பது! சறுக்கத் தெரியாதவர் பனித்தளத்தில் நிற்கவே முடியாது. ஆகவே பனியை எடுத்து விட்டு, மரத்தளமோ சிமெண்டுத் தளமோ போதும் என்றார்கள். ரப்பர் வில்லை அடித்தால் வலிக்கும். ஆகவே கம்பளி நாரை அழுத்திச் செய்த வட்டத்தட்டை வைத்தார்கள். இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அதன் நடுவே பத்து சென்டிமீட்டர் ஓட்டை; பார்க்க நம் வீட்டு உளுந்துவடையின் பெரிய அண்ணன் போல இருக்கும். மட்டைக்கு வளைந்த முனை இல்லை. அது வெறும் நீண்ட உருளைக் கோல். கோலின் நுனியை ஓட்டைக்குள் ஊன்றித் தட்டை இழுத்துச் செல்லலாம், தோழனுக்குத் தள்ளி விடலாம், இலக்கை நோக்கி வீசலாம். கையின் நுட்ப அசைவுகள் எளிதில் வராத ஒருவருக்கும் தட்டு தன் வசத்தில் இருக்கிறது என்ற உணர்வு முதல் நாளிலேயே கிடைத்து விடும். இலக்குக் காவலர் மட்டும் பனி ஹாக்கிக் காவலரின் அகன்ற மட்டையைப் பிடித்திருப்பார். முகமூடி வைத்த தலைக்கவசம் அணிந்தே ஆட வேண்டும்.

ஒரு பக்கத்திற்குக் காவலரோடு ஆறு பேர். ஒன்பது நிமிடங்கள் கொண்ட மூன்று கட்டங்கள். மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை ஆட்டக்காரர் வரிசை மாறும். அணியில் பெயர் இருந்தும் ஆட்டம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்தே இருப்பவர் எவரும் இல்லாதபடி எல்லோருக்கும் முறை வந்தாக வேண்டும். எறிபந்து அணியில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர்ப் பாட்டில் சுமக்கும் நம் தோழிகள் இவ்விதியைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்!

"எல்லோரும் ஆடுகிறார்கள், எல்லோருக்கும் பதக்கம் கொடுத்து அனுப்பி விடுவார்கள், அவ்வளவுதானே?" என்று நினைத்து விடாதீர்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று முதல் மூவருக்கே பதக்கம். அடுத்து வருபவர்களுக்கு நாடா. வெற்றி உண்டு, தோல்வியும் உண்டு, தோற்ற பின் அழுகையும் உண்டு. ஆனால் யாரோடு யார் மோதுவது என்பதில்தான் தனிக் கவனம். வயதும் பாலும் பார்த்துப் பிரித்த பின், திறமையையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். தொடருக்கு முன்பாகவே குறுகிய சோதனை ஆட்டங்கள் நடத்தி, அணிகளின் வலிமையை மதிப்பிட்டு, ஏறக்குறைய சமமானவர்களை ஒரே பிரிவில் வைக்கிறார்கள். வலிமை குறைந்த பிரிவில் வென்ற தங்கமும் தங்கமே.

இங்கே ஒரு தந்திரத்திற்கு இடம் உண்டு. சோதனையில் வேண்டுமென்றே மெதுவாக ஆடி, எளிய பிரிவில் புகுந்து கொண்டு, பிறகு வெளுத்து வாங்கலாம் அல்லவா? அதற்காகவே, எல்லாக் கட்டங்களிலும் முழு முயற்சியோடு ஆட வேண்டும் என்பதை விதியாக்கியிருக்கிறார்கள். ஏமாற்ற முடியும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு விதி செய்திருப்பதே பெரிய மரியாதை என்று நமக்குத் தோன்றுகிறது. பரிதாபத்திற்குரியவர் என்று கருதியவருக்கு எவரும் அபராதம் விதிப்பதில்லையே! (ஏமாற்று வேலையில் கெட்டிக்காரர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் பன்னிருவரில் பத்துப் பேருக்கு எக்குறைபாடும் இல்லை என்பது வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் தண்டனை அனுபவித்தவர்கள் உண்மையான வீரர்களே. அவர்களுக்கான போட்டிகள் நிறுத்தப்பட்டு, 2012இல் லண்டனில்தான் மீண்டும் இடம்பெற்றன.)

பனித்தளம் முழுவதும் கைவிடப்பட்டது என்று எண்ண வேண்டாம். 1970களில் அதே டொரன்டோவில், அறிவுத்திறன் குறைபாடு உள்ள சிறுவர்களுக்கு உண்மையான பனி ஹாக்கியையே கற்பிக்கும் குழு தோன்றியது. 'சிறப்பு ஹாக்கி' என்ற பெயரில் இது கனடா முழுவதும் பரவி, அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றது. பல நகர அணிகள் கூடும் தொடர்களும் நடைபெறுகின்றன. புதிதாக வரும் பிள்ளை, நடை பழகும் குழந்தை நடைவண்டியைப் பிடிப்பது போல ஒரு சட்டத்தைப் பிடித்துக் கொண்டு பனியில் நிற்கப் பழகும். ஒரு சுற்று வருவதற்கே மாதங்கள் ஆகலாம். ஒருவர் மேல் ஒருவர் உடலால் மோதித் தள்ளுவது, பெரியவர்களின் பனி ஹாக்கியில் கைதட்டல் வாங்கும் செயல். இங்கே அதற்கு இடமில்லை. டவுன் கூட்டறிகுறி உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இதன் அவசியம் விளங்கும்.

பாராலிம்பிக்கில் சறுக்கு வண்டியில் அமர்ந்து ஆடும் ஹாக்கி வேறு. அது கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரியது. 1994இல் லில்லஹேமரில் அறிமுகமாயிற்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதுவோர் பலர்.

சிறப்பு ஒலிம்பிக்கின் முதல் குளிர்காலப் போட்டி 1977இல் கொலராடோ மாநிலத்தில் நடந்தது. தரை ஹாக்கியும் குளிர்கால விளையாட்டுகளில் சேர்க்கப்பட்டதால், பனியையே கண்டறியாத நாடுகளும் குளிர்காலப் போட்டிக்கு அணி அனுப்ப முடிந்தது. 2017இல் ஆஸ்திரியாவில் நடந்த போட்டியில் அதனுடன், ஸ்வீடனில் வளர்ந்த 'ஃப்ளோர்பால்' என்ற ஆட்டமும் சேர்ந்தது. அதில் துளைகள் நிறைந்த, இருபத்து மூன்று கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் பந்து. 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரின் நகரில் ஏறக்குறைய 1500 பேர் கலந்து கொண்ட போட்டியில், தரை ஹாக்கி இல்லை; ஃப்ளோர்பால் மட்டுமே இருந்தது. அதில் இந்தியாவும் ஆடியது. வடைத்தட்டுக்கு விடை கொடுத்தது நமக்குச் சற்று வருத்தமே.

இவர்களுக்கென்று தனிப்போட்டி வைப்பதே இவர்களை ஒதுக்குவது ஆகாதா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். 1980களின் இறுதியில் தொடங்கிய ஒருங்கிணைந்த அணிகள் அதற்கு ஒரு விடை. அவற்றில் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே சட்டை அணிந்து, ஒரே பக்கம் ஆடுகிறார்கள். குறைபாடு இல்லாதவர் தாமே ஓடி எல்லாக் கோல்களையும் போட்டுவிட்டால் அது நல்ல ஆட்டம் ஆகாது. பந்தைக் கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும்.

அணியில் சேர்ந்து ஆடும் நிலையை இன்னும் எட்டாதவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்வது? தரை ஹாக்கியில் அவர்களுக்கென்று தனித்திறன் போட்டி அமைக்கப்பட்டிருந்தது. கோலால் தட்டைத் தடைகளுக்கிடையே நகர்த்துதல், குறித்த இடத்திற்குத் தள்ளி விடுதல், இலக்கை நோக்கிக் குறி பார்த்து வீசுதல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எதிர் அணி இல்லை, விரட்டுவார் இல்லை. தட்டு இலக்கினுள் போனால் புள்ளி. போகாவிட்டால் அடுத்த வீச்சு.