பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது?

ஒரு செய்தித் தளத்தில் கட்டுரையைத் திறக்கிறோம். முதல் பத்தி தெளிவாக இருக்கிறது. அதற்கடுத்த வரிகள் மங்கிப்போய், நடுவில் ஒரு பெட்டி: ‘தொடர்ந்து படிக்கப் பதிவு செய்யுங்கள்.’ இப்போது கணினியில் கண்ட்ரோல் விசையையும் ‘யூ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், அந்தப் பக்கத்தின் மூல நிரல் தனியாகத் திறக்கும். சில தளங்களில், மங்கலாகத் தெரிந்த கட்டுரை முழுவதும் அங்கே ஓர் எழுத்துப் பிசகாமல் கிடக்கும். எழுத்து எல்லாம் ஏற்கெனவே வாசகரின் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன் மேல் திரை போடும் வேலையை மட்டும் பிரவுசரிடம் விட்டிருக்கிறார்கள்.

மறைப்பது வேறு, தடுப்பது வேறு. தடுக்க வேண்டுமானால் அந்த முடிவு சர்வரில் எடுக்கப்பட வேண்டும். உரிமையில்லாதவருக்கு எழுத்தே போகக் கூடாது. பெரிய செய்தி நிறுவனங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழுவே இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவையும், முன்னாள் மாணவர்களின் தொலைபேசிப் பட்டியலையும், டியூஷன் ஆசிரியரின் பாடக் குறிப்புகளையும் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்ட நினைப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு வேர்ட்பிரஸ் தளமும் ஓர் இலவச ப்ளகினும்தான். அவர்களுக்கு அந்தச் சிறிய ப்ளகினே போதும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அது எந்த வழியை அடைக்கிறது, எதை அடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

வேர்ட்பிரஸை மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் வெளியிட்டார்கள். மூல நிரலைத் தொடாமல், வெளியிலிருந்து ஒரு துண்டு நிரலைச் செருகி வேலையை மாற்றும் ப்ளகின் வசதி அடுத்த ஆண்டு 1.2 பதிப்பில் வந்தது. இன்று உலகிலுள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன.

வந்திருப்பவர் உறுப்பினர்தானா என்று சர்வர் எப்படி அறிகிறது? இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிய நீங்கள் அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் அதற்கு நீங்கள் புது ஆள். இந்த மறதிக்கு 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுல்லி ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு குறிப்பை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும். அதுதான் குக்கீ.

நீங்கள் லாகின் செய்ததும் வேர்ட்பிரஸ் தரும் குக்கீயைப் பிரித்துப் பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும்: பயனர் பெயர், காலாவதியாகும் நேரம், அந்த லாகினுக்கென்றே உருவாக்கிய ஒரு டோக்கன், கடைசியாக ஒரு முத்திரை. பெயரையும் நேரத்தையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். முத்திரையை முடியாது. அது முன்னுள்ள மூன்று பகுதிகளையும், தளத்தின் அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும், சர்வரில் சேமித்துள்ள கடவுச்சொல் ஹேஷின் (அதாவது கடவுச்சொல்லின் திரும்பப் பெற முடியாத வடிவத்தின்) ஒரு துண்டையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. காலாவதி நேரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. உறுப்பினர் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய குக்கீகள் எல்லாம் அந்தக் கணமே செத்துப்போவதற்கும் இதுவே காரணம். சாதாரணமாக இந்தக் குக்கீ 2 நாள் செல்லும். ‘என்னை நினைவில் வை’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் 14 நாள்.

இவ்வளவு வேலையையும் வேர்ட்பிரஸே செய்துவிடுவதால், ப்ளகின் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். பக்கம் உருவாகி வெளியே போவதற்குச் சற்று முன்னால் குறுக்கிட்டு, ‘இவர் லாகின் செய்திருக்கிறாரா?’ என்று கேட்கிறது. இல்லையென்றால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது, அல்லது கட்டுரை இருக்கும் இடத்தில் ஓர் அறிவிப்பை வைக்கிறது. நிரல் தெரிந்தவர் இதைப் பத்து வரிக்குள் எழுதிவிடுவார். வரிகள் குறைவாக இருப்பது நல்லது. எத்தனை வசதி கூடுகிறதோ அத்தனை ஓட்டைக்கு இடமுண்டு. சங்கத்தின் கணக்கைப் பூட்ட, சந்தா வசூலிக்கும் பெரிய மென்பொருள் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே கட்டுரை தளத்திலிருந்து பல வழிகளில் வெளியே போகிறது. வாசல் கதவை மட்டும் பூட்டினால் கொல்லைப்புறம் திறந்தே கிடக்கும். 2016 டிசம்பரில் வெளியான 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் ‘ரெஸ்ட் ஏபிஐ’ என்ற வழி ஒன்று உண்டு. மொபைல் செயலி போன்ற பிற நிரல்கள் தளத்தின் பதிவுகளை நேரடியாகக் கேட்டுப் பெறுவதற்கானது அது. பக்கம் உருவாகும் நேரத்தில் மட்டும் காவல் நிற்கும் ப்ளகினை இந்தக் கோரிக்கை தொடுவதே இல்லை. அதற்கு முன்பே பதில் போய்விடும். புதிய பதிவுகளைத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடை, தளத்துக்குள் தேடும்போது வரும் முன்னோட்ட வரிகள் ஆகியவற்றின் வழியாகவும் எழுத்து கசியலாம். நல்ல ப்ளகின்கள் இவற்றையும் அடைக்கின்றன. விளக்கப் பக்கத்தில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எதையும் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது பிடிஎஃப். சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் பிடிஎஃப் ஆக ஏற்றி, அதற்கான இணைப்பை உறுப்பினர் பக்கத்தில் வைக்கிறார் செயலாளர். பக்கம் பூட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பு ‘அப்லோட்ஸ்’ என்ற பொதுக் கோப்புறையில், ஆண்டு, மாதம் என்ற வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முகவரி தெரிந்தவர் நேரே கேட்டால், சர்வர் வேர்ட்பிரஸை எழுப்பாமலேயே கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸே ஓடாதபோது ப்ளகின் எங்கே ஓடும்? உறுப்பினர் ஒருவர் அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், கணக்கு ஊருக்கே தெரிந்துவிடும். சில ப்ளகின்கள் ‘எச்டிஅக்சஸ்’ என்ற கட்டளைக் கோப்பை அந்தக் கோப்புறையில் வைத்து இதைத் தடுக்கின்றன. அப்பாச்சி சர்வரில் அது வேலை செய்யும். எஞ்சின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உறுதியான வழி, கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைத்து, உறுப்பினர்தானா என்று சோதித்த பிறகு நிரல் வழியாகக் கொடுப்பது.

கூகுளில் வராமல் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. தேடுபொறிகளுக்கு ‘இந்தப் பக்கம் வராதே’ என்று சொல்லும் ‘ரோபோட்ஸ்’ கோப்பு 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்மொழிந்த ஒரு மரியாதை ஏற்பாடு. மதிப்பவை மதிக்கும். அந்தக் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம் என்பதால், மறைக்க நினைத்த இடங்களின் பட்டியலை அதுவே தந்துவிடுகிறது.

கேஷ் இன்னொரு தொல்லை. தளம் வேகமாக வர, ஒருமுறை உருவான பக்கத்தைப் பிரதியெடுத்து வைத்து அடுத்தவருக்கு அதையே தருவார்கள். உறுப்பினருக்காக உருவான பக்கம் அப்படிச் சேமிக்கப்பட்டால் வழிப்போக்கருக்கும் அதுவே போகும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் இதுதான் நடந்தது. தளத்தின் மீது நடந்த தாக்குதலைச் சமாளிக்க மாற்றிய கேஷ் அமைப்பில் நேர்ந்த பிழையால், ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பயனர்களின் விவரங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. பெரும்பாலான கேஷ் ப்ளகின்கள் லாகின் செய்தவர்களைத் தாமாகவே விலக்கிவிடும். இடையில், பக்கங்களின் பிரதிகளைத் தன்னிடம் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவை இருந்தால், அதற்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று முடிவெடுத்த அன்றே இன்னொரு பொறுப்பும் வந்து சேர்கிறது: உறுப்பினர்களின் கடவுச்சொற்களும் விவரங்களும் அடங்கிய பதிவேடு. 1960களில் எம்ஐடியில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் கணினி அமைப்பில், எடிட்டர் நிரலின் தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிப்போய், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் லாகின் செய்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அச்சாகி வந்தன. அவை அப்படியே எழுத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. திரும்பப் பெற முடியாத வடிவில், ஒவ்வொன்றுக்கும் தனி ‘சால்ட்’ (தற்செயலாகத் தேர்ந்த ஒரு மதிப்பு) சேர்த்துச் சேமிக்கும் முறையை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் விளக்கினார்கள். வேர்ட்பிரஸும் அந்த வழியில்தான் செல்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பு பிகிரிப்ட் என்ற மேலும் வலுவான முறைக்கு மாறியது. ஆனால் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தில்தான் இருக்கும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. பாடக் குறிப்பைப் படிக்க வருபவரிடம் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் எதற்குக் கேட்க வேண்டும்? மின்னஞ்சல் ஒன்று போதும்.

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்’ என்ற கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். அதில் டிக் இருந்தால், ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் எவரும் உறுப்பினர்தான். சங்கத்துக்கு அது ஆகாது. செயலாளர் பார்த்து ஒப்புதல் தரும் முறைதான் சரி. பிறகு பிரவுசரில் ரகசிய ஜன்னல் ஒன்றைத் திறந்து, லாகின் செய்யாமல் உறுப்பினர் பக்கத்தின் முகவரியை இடுங்கள். தளத்தின் தேடல் பெட்டியில் அந்தப் பக்கத்தில் மட்டுமே உள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள். ஆர்எஸ்எஸ் ஓடையையும் ரெஸ்ட் ஏபிஐ முகவரியையும் திறந்து பாருங்கள். கடைசியாக அந்தப் பிடிஎஃப்பின் முகவரியை ஒட்டுங்கள். கோப்பு திறந்துகொண்டால், அதை இடம் மாற்றி மறுபடி சோதித்த பிறகு உறுப்பினர்களுக்கு அறிவிப்பு அனுப்பலாம்.