தோண்டும் மீனுக்கு ஒரு தோட்டம்

டி.வி.யை அணைத்ததும் எங்கள் ஹாலில் ஒரு சத்தம் கேட்கும். டிக். கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். முதல் இரண்டு நாள் பல்லி என்றே நினைத்தோம். மூன்றாம் நாள்தான் ஆளைப் பிடித்தோம். தொட்டிக்குள் ஆரஞ்சு நிற ஒராண்டா ரகக் கோல்டு ஃபிஷ் ஒன்று தலைகீழாக நின்று, வாய் நிறையக் கல்லை அள்ளி, சாவகாசமாகக் குதப்பி, ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் துப்பிக்கொண்டிருந்தது. திண்ணையில் வெற்றிலை போடும் பெரியவர்கூட அத்தனை நிதானமாக மெல்ல மாட்டார்.

கோல்டு ஃபிஷ் தொட்டிக்குச் செடியும் பொம்மையும் வாங்கக் கிளம்புகிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. இது கெண்டைக் குடும்பத்து மீன். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை நிறத்துக்காக வளர்க்கத் தொடங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் கொழுக்கட்டை உடம்பு, மஸ்லின் வால், தலையில் கொண்டை, பிதுங்கிய கண் என்று என்னென்னவோ சேர்த்துப் பார்த்தார்கள். அடிமண்ணைக் கிளறுகிற புத்தியை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. அதற்கு இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் நாள் முழுக்க எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும்.

செடியும் பொம்மையும் வாங்கக் கிளம்பியபோது எனக்கு இது தெரியாது. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே? போனேன். காற்றடைத்த பாலிதீன் பைகளில் மீன்கள், வாயைத் திறந்து மூடும் புதையல் பெட்டி, முத்துச் சிப்பி, உடைந்த கப்பல். ஒரு கடையில் நீலக் கல் மூன்று கிலோ, ஒரு கோட்டை, பிளாஸ்டிக் புல், நிஜச் செடியில் கபோம்பா ஒரு கட்டு வாங்கினேன். “கோல்டுக்கு இது சூப்பரா இருக்கும் சார்” என்றார் கடைக்காரர். சாப்பிடச் சூப்பராக இருக்கும் என்ற அர்த்தத்தில் சொல்லியிருந்தால் அவர்மேல் தப்பே இல்லை. இரண்டாம் நாள் காலையில் கபோம்பா இலையெல்லாம் போய், கீரை ஆய்ந்த பிறகு மிஞ்சும் தண்டு மாதிரி மிதந்தது. மிச்சம் மீதி போய் ஃபில்டர் வாயை அடைத்திருந்தது.

அதன் பிறகு கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இந்த மீனுக்குச் செடியை நடக் கூடாது, கட்ட வேண்டும்.

அனூபியாஸ் என்று ஒரு செடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இலை தடித்து, தோல் மாதிரி இருக்கும். மீன் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, ‘சரிப்படாது’ என்று விலகிவிடும். இதன் தண்டு இஞ்சிக் கிழங்கு போலப் படுத்தவாக்கில் வளரும். அதை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். இதை அறியாமல் நட்டுக் கொன்றவர்கள் ஏராளம். கைக்கு அடங்கும் ஒரு கல்லின் மேல் தண்டை வைத்து, தூண்டில் நரம்பால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். இறுக்கினால் தண்டு வெட்டுப்படும். சில வாரங்களில் வேரே கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னுக்கும் இதே வைத்தியம்தான். அதன் இலையிலேயே குட்டிச் செடி முளைக்கும், கிள்ளி இன்னொரு கட்டையில் கட்டலாம். இரண்டுக்கும் பெரிய விளக்கு தேவையில்லை. அதிக வெளிச்சம் கொடுத்தால் இலைமேல் பாசிதான் படரும். இடம் மாற்ற நினைத்தால் கல்லோடு தூக்கி வைக்கலாம். வீட்டில் சோபாவை நகர்த்துகிற சுலபம்.

அடியில் என்ன போடுவது? கடையில் கிடைக்கும் பட்டாணி அளவுக் கல்தான் ஆபத்து. வாய்க்குள் சரியாகப் போய்த் தொண்டையில் மாட்டும். ஒன்று, வாயில் நுழையாத அளவுக்குப் பெரிய கூழாங்கல். இல்லையென்றால் நன்றாகக் கழுவிய நைசான ஆற்று மணல். வீடு கட்டவே ஆற்று மணல் கிடைக்காத காலத்தில் மீனுக்கா என்று கேட்பீர்கள். தொட்டிக்கு நாலு கை அளவு போதும். அதற்காக எம்-சாண்டைக் கொட்டிவிடாதீர்கள். பாறையை உடைத்து அரைத்தது, ஓரமெல்லாம் கூர்.

பிளாஸ்டிக் செடி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய நைலான் துப்பட்டாவை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் வாலும் மாட்டும். கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் ‘பபிள் ஐ’ ரகத்தை வளர்ப்பவர்கள் கூரான எதையும் உள்ளே விடக் கூடாது.

நேச்சர் அக்வேரியம் என்ற பாணியைப் பரப்பிய ஜப்பான்காரர் தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. அவர் மறைந்த 2015-ஆம் ஆண்டில், லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்ணீர்க் காட்டையே அமைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தப் புல்வெளியெல்லாம் விரல் நீள மீன்களுக்குத்தான். நம் ஒராண்டாவை உள்ளே விட்டால் ஒரே வாரத்தில் உழுத வயல். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது கல் வைக்கும் கணக்கு: ஒற்றைப்படையில் வை, பெரிய கல்லை நட்டநடுவில் வைக்காதே, மீதி இடத்தைச் சும்மா விடு.

சும்மா விடுவதுதான் நமக்குக் கஷ்டம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். கோட்டையும் கப்பலும் அதில்தான் பங்கு கேட்கும். போதாததற்கு எட்டுத் தங்க நிறம், ஒரு கறுப்பு என்று ஒன்பது மீன் விட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள் உறவினர்கள். அந்த ஒன்பதும் கழிக்கிற அம்மோனியாவுக்கு வாஸ்து தெரியாது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்க்க ரோம் நகரம் 2005-இலேயே தடை போட்டது. இங்கே அது இன்னும் பிறந்தநாள் பரிசு.

இன்னொன்று, பலரும் தவறுவது. மாதத்துக்கு ஒருமுறை கல், பொம்மை, ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் அள்ளிக் குழாயடியில் பளபளவென்று கழுவுவது. அம்மோனியாவை முறிக்கும் நுண்ணுயிர்கள் அவற்றின்மேல் படிந்த வழுவழுப்பில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அடுத்த வாரம் மீன் செத்தால், ‘சுத்தமாத்தானே வெச்சிருந்தேன்’ என்று புலம்புவோம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை டியூப் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, குளோரின் போக்கிய தண்ணீரை ஊற்றினால் போதும். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசலாம்.

இப்போது எங்கள் தொட்டியில் ஒரு மரக்கட்டை, மூன்று கல், ஐந்தாறு அனூபியாஸ். கோட்டை பால்கனியில், கறிவேப்பிலைத் தொட்டிக்குள் கிடக்கிறது. அதில் நிஜமாகவே ஒரு பல்லி குடிவந்திருக்கிறது.