அருவியும் வண்ணக்கத்தியும்

ஓவியம் எழுதப் புகுவார்க்கு எளிதிற் பிடிபடாத பொருள்களுள் அருவியும் ஒன்று. மலை நிற்பது, மரம் அசைந்தாலும் தன் இடம் விட்டுப் பெயராதது. அருவியோ நாம் காணும் அக்கணத்திலேயே பழைய நீர் போகப் புதுநீர் வந்து விழுவது. வடிவம் மாறாதது போலத் தோன்றினும், அவ்வடிவை ஆக்கும் பொருள் மாறிக்கொண்டேயிருக்கும். அத்தகையதொன்றைத் தூரிகையின் துணையின்றி, ஒரு சிறு கத்தியைக் கொண்டே எண்ணெய் வண்ணத்தில் எழுதுதல் கூடுமோ எனின், கூடும். அம்முறை இன்னதென்பதையும், அதனைப் பயில்வதால் நீரைப்பற்றி நாம் அறிந்துகொள்வது யாதென்பதையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவாம்.

பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர்ப் பகுதியில் இருந்துகொண்டு அருவியைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் 2009-ஆம் ஆண்டில் அமைந்த திருப்பூர் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே நமக்கு ஓர் அருவி உண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே திருமூர்த்திமலையை அடையலாம். அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயிலும், மலைமேற் பஞ்சலிங்க அருவியும் உள. வெயிற்காலத்தில் இவ்வருவி மெலிந்து பாறையைத் தழுவி இறங்கும். மலையிற் பெருமழை பெய்தாலோ வெள்ளம் பெருகிக் கோயிலையும் சூழ்ந்துகொள்ளும். அந்நாட்களில் அருவியில் நீராடுவதும் தடுக்கப்படும். ஒரே அருவியில் இருவேறு ஓவியங்கள் அடங்கியிருத்தலை இதனாற் காணலாம்.

அருவி என்பது குறிஞ்சி நிலத்துக்குரிய பழஞ்சொல். பத்துப்பாட்டின் முதற்கண் நின்ற திருமுருகாற்றுப்படையில், பழமுதிர்சோலை மலையினின்று இழியும் அருவிக்கு அசைகின்ற பல துகில்களை உவமையாக்கினார் நக்கீரர். துணியோடு பழகிய இந்நாட்டார்க்கு இவ்வுவமையின் நுட்பம் எளிதில் விளங்கும். வெண்டுகில் ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு நோக்குக. அதில் முழு வெண்மை எத்துணை? ஒளி நேரே படும் மடிப்பின் முகட்டில் மட்டுமே. மடிப்பின் பள்ளத்தில் நீலமும் சாம்பலும் கலந்த நிழல் கிடக்கும். மெல்லிய இடத்தில் அப்பாலுள்ள பொருளின் நிறம் ஊடுருவித் தோன்றும். இங்ஙனம் பல நிறங்களைத் தாங்கியிருந்தும் அதனை நாம் வெண்டுகில் என்றே சொல்லுகின்றோம். அருவியும் அத்தகையதே. வெள்ளை என்று கண்ணை நம்பி, வெள்ளை வண்ணத்தையே மேலிருந்து கீழ்வரை பூசிவிட்டால் கிட்டுவது அருவியன்று, சுண்ணாம்பு அடித்த சுவரே.

அருவி வெண்மையாகத் தோன்றுவதற்குரிய காரணத்தை அறிந்தவர்க்கு எழுதும் முறையும் எளிதாகும். நீருக்குத் தனியே வெண்ணிறம் இல்லை. உடையாத நீர்ப்பரப்பு ஒளியைத் தன்னூடே செலுத்திப் பின்னேயுள்ள பாறையைக் காட்டும். அந்நீர் உடைந்து துளிகளாகிக் காற்றையும் தன்னுட் கொண்டு நுரைக்கும்பொழுது, எல்லா நிற ஒளியும் ஒப்பச் சிதறுதலால் வெண்மை தோன்றுகின்றது. ஆகவே அருவியின் விளிம்பில், நீர் வளைந்து விழத் தொடங்கும் இடம் பெரும்பாலும் கருமையாகவோ பசுமையாகவோ இருக்கும். சிறிது தாழ்ந்த பின்னரே வெண்மை பிறக்கும். விழும் நீரின் விரைவும் வரவர மிகும். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழும் நீர், அடுத்த நொடியில் ஏறத்தாழ 15 மீட்டர் விழும். இதனால் மேற்பகுதியிற் குறுகிய கோடுகளும் கீழ்ப்பகுதியில் நீண்ட கோடுகளும் இயற்கைக்குப் பொருந்துவனவாம். அடியில் எழும் நீர்த்தூவலிலோ கோடு என்பதே இல்லை.

நம் நாட்டு அருவிகளை ஓவியர் எழுதியது இன்று நேற்றன்று. ஆங்கிலேய ஓவியராகிய தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792-ஆம் ஆண்டில் தென்னாட்டிற் பயணம் செய்து, திருநெல்வேலிச் சீமையின் பாபநாசத்து அருவியைக் கண்டு வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 'ஓரியண்டல் சீனரி' என்னும் அவர்தம் தொகுதியின் 144 காட்சிகளுள் அவ்வருவியும் ஒன்று. அப்படங்கள் அக்வாடிண்ட் என்னும் முறையிற் செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடப்பட்டவை. தகட்டில் அமிலம் தீண்டாத இடமே தாளில் வெண்மையாக நிற்கும். ஆகவே அங்கே அருவியின் வெண்மை தீட்டியதன்று, தீட்டாது விட்டது. கத்தி ஓவியத்தில் நிலைமை மாறுபடும். வெண்மையைக் குழைத்து அதன் இடத்தில் வைத்தல் வேண்டும். இத்துறையிற் பெயர்பெற்றவர் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் கூர்பே (1819–1877). 1864-ஆம் ஆண்டளவில் லூ ஆற்றின் பிறப்பிடத்தைப் பன்முறை எழுதியபோது, பாறைகளைக் கத்தியாலேயே அப்பிக் காட்டினார். கருநிறத் தளத்தில் தொடங்கி ஒளியை நோக்கி ஏறுதல் அவர்தம் வழக்கம். அவ்வழக்கமே அருவி எழுதுவார்க்கு முதற்பாடம்.

இனிக் கருவிகளைக் கூறுவாம். வண்ணக்கத்தி என்று நாம் வழங்குவது, வெட்டும் கூர்மையில்லாத, நன்றாக வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடு. கொத்தர் கைக்கரணையின் சிறு வடிவம் என்று அதனைக் கருதலாம். பிடிக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு வளைவு இருத்தலின், விரல்கள் ஈர வண்ணத்திற் படா. நீண்டதொன்றும், கூரிய முனையுடைய சிறியதொன்றும் ஆக இரண்டு போதும். வண்ணங்களும் பல வேண்டா. டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், சுட்ட அம்பர் என்னும் பழுப்பு, மஞ்சட்காவி, ஒரு பச்சை ஆகிய ஐந்தும் போதும். முன்னாளில் வழங்கிய ஈயவெள்ளை நஞ்சுடையது. டைட்டானியம் வெள்ளைக்கு அக்குறை இல்லை.

கித்தான் வகையில் நம் ஊரார் ஒன்றைக் கருதுதல் வேண்டும். பனியன் துணி கண்ணிகளாற் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். பாவும் ஊடையுமாக நெய்த அழுத்தமான பருத்தித்துணியே ஓவியத்துக்கு ஆகும். அதனையும் வெறுந்துணியாகப் பயன்படுத்தலாகாது. ஆளிவிதை எண்ணெய் நூலில் நேரே ஊறினால் நாளடைவில் துணி நைந்துபோம். ஆதலின் ஜெஸ்ஸோ முதலிய தளப்பூச்சு இட்டு உலர்த்திய பின்னரே வண்ணம் ஏற்றல் வேண்டும். பழகுவோர்க்கு, கித்தானினும் தளப்பூச்சு இட்ட மரப்பலகையே நன்று. கத்தியின் அழுத்தத்துக்கு அது தளராது.

முதலில் அம்பரை டர்பண்டைனில் மெலிதாகக் கரைத்துப் பலகை முழுதும் துடைத்துவிடுக. அதன்மேல் அருவியின் போக்கையும் பாறையின் எல்லையையும் சில கோடுகளாற் குறிக்க. அடுத்துப் பாறை. நீலத்தையும் அம்பரையும் கலந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும். அதனைக் கத்தியின் அடிப்புறத்தால் மெல்லிதாகப் பரப்பி, ஓரத்தை அழுத்தி வெடிப்புக்களைக் காட்டுக. வெயில்படும் முகங்களிற் காவியைச் சிறிதே சேர்க்க. நீர் விழும் இடத்திலும் இப்பாறையையே முதலில் எழுதுதல் வேண்டும். நீருக்குப் பின்னே பாறை உண்டன்றோ? வேதத்தின் முதனூலும் இருளை முன்னும் ஒளியைப் பின்னுமாக வைத்தே படைப்பை உரைக்கின்றது. ஓவியன் பலகையிலும் அம்முறையே நிகழ்கின்றது.

இந்நிலையில் ஓவியத்தைச் சில நாள் உலரவிடுக. எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதன்று. எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகுவதாலேயே உலர்கின்றது. அம்பர் விரைவில் உலரும் இயல்பினது. அடித்தளம் ஈரமாயிருக்க வெள்ளையை இழுத்தால், அது கருமையை வாரிக்கொண்டு சேறாகும். உலர்ந்த தளத்தின் மேடுகளில் இழுத்தாலோ, வெள்ளை மேட்டிற் பற்றிப் பள்ளத்தை விட்டுச் செல்லும். அவ்விட்ட இடங்களிற் பாறை ஒளிந்து தோன்ற, நீர் உடைந்து விழுவது தானே புலப்படும்.

உலர்ந்தபின் அருவியின் நிழற்பகுதியைத் தொடங்குக. வெள்ளையில் நீலமும் ஒரு துளி அம்பரும் சேர்த்த சாம்பல்நீலமே துகிலின் மடிப்பு நிழல். அதனை மெல்லிதாக மேலிருந்து கீழே இழுக்க. வெள்ளை இறுதியில் வருவது. கத்தியின் ஓரத்தில் வெள்ளையை ஒரு சிறு சுருளாக ஏந்தி, நீர் உடையும் இடத்தில் ஊன்றி, அழுத்தாது கீழ்நோக்கி இழுத்து, முடிவில் தூக்கிவிடுக. ஒருமுறை இழுத்த இடத்தை மறுமுறை தொடலாகாது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னர்க் கத்தியைத் துடைத்தல் இன்றியமையாதது. அடியிலுள்ள தூவலுக்குக் கத்தியைப் படுக்கவைத்து மிக மெலிதாகத் தேய்க்க; சுனைக்குக் கிடைக்கோடுகள் இடுக. முழுவெண்மை அருவியின் பரப்பிற் சிறுபகுதிக்குமேல் வேண்டா. தடித்த வண்ணம் மேலே சில நாளில் ஆடை கட்டினும் உள்ளே இறுகப் பல மாதங்கள் ஆகும். ஆறு மாதமேனும் கழிந்த பின்னரே மெருகெண்ணெய் பூசுதல் முறை.

தூரிகையைக் காட்டிலும் கத்திக்கு ஏற்றம் எங்குள்ளது எனின், இங்கேதான். தூரிகை திருத்திக்கொண்டேயிருக்க இடம் தரும், கத்தி தராது. ஆதலின் இழுக்குமுன் நோக்கவும், இழுத்தபின் விட்டுவிடவும் அது நம்மைப் பழக்குகின்றது. நீரின் நிறம் எது, அதனைச் சூழ்ந்த பொருளின் நிறம் எது எனப் பகுத்துக் காணும் கண் இப்பயிற்சியாற் கைகூடும்.

அக்கண் நம் மாவட்டத்தார்க்கு வேண்டுவதொன்று. வெள்ளியங்கிரி மலையில் ஓடைகளாய்ப் பிறந்து, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கும் நொய்யலாறு, சாயப்பட்டறைக் கழிவுநீராற் பல்லாண்டு நிறம் மாறி ஓடியதை யாவரும் அறிவர். ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கிச் சுற்றுப்புற உழவர்தம் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அதற்குரிய தூய்மை நிலையங்களோடு அவை மீண்டும் இயங்கலாயின. அத்தொழிலால் வாழும் குடும்பங்களும் நம்மவரே. ஆற்றங்கரை உழவரும் நம்மவரே. நீர் தான் ஒரு நிறத்தை விரும்பி ஏற்பதில்லை. நாம் அருகில் வைப்பதையே காட்டுகின்றது. மலையில் பாறையைக் காட்டிய நீர், ஊரில் நம் செயலைக் காட்டிற்று.

ஓவியம் பயில்வார்க்கும் இதிற் கடமை உண்டு. தூரிகையைக் கழுவ டர்பண்டைன் மிகுதியும் வேண்டும். அதனை வாய்க்காலிற் கொட்டுவாரும் உளர். கத்திக்கோ ஒரு துண்டுத் துணி போதும். தையற்கூடங்களிற் கழியும் பனியன் துணித்துண்டு எண்ணெயை உறிஞ்சுவதில் மிக வல்லது. கித்தானாகப் பயன்படாத அத்துணி இங்கே பயன்படுகின்றது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும்; ஆகவே விரித்து உலர்த்திப் பின்னரே நீக்குதல் வேண்டும்.

விலைமிக்க கருவியோ பெரிய கூடமோ இதற்கு வேண்டுவதில்லை. ஒரு கத்தியும், ஐந்து வண்ணமும், ஒரு சாண் பலகையும், பொறுமையோடு நோக்கும் கண்ணும் உடையார் எவரும் தொடங்கலாம். நம் மாணவ நண்பர்கள் திருமூர்த்திமலைக்குச் செல்லும்பொழுது நீராடி மீள்வதோடு அமையாது, சற்றுநேரம் அருவிக்கு எதிரே அமர்ந்து அதன் வெண்மையுள் எத்தனை நிறங்கள் உள என்று எண்ணிப் பார்ப்பாராக. மீளும் வழியில் நொய்யற் பாலத்தைக் கடப்பவர் அங்கும் நின்று நீரை ஒருமுறை நோக்குவாராக.