ஹிக்கின்பாதம்: கடைப் பெயர் மட்டுமில்லை!

சென்னை அண்ணா சாலை வழியாகப் போகும்போது ஹிக்கின்பாதம் புத்தகக் கடையின் அந்த வெள்ளைக் கட்டடத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அதன் ரயில்வே பிளாட்பாரத்து ஸ்டாலில் வார இதழை அவசரமாக வாங்கிக்கொண்டு, நகரத் தொடங்கிய பெட்டியில் தொற்றி ஏறியிருப்பீர்கள்! ஆனால் ‘ஹிக்கின்பாதம்’ ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா? தோண்டத் தோண்ட அணுகுண்டு, வீடியோ கேம், விவேகானந்தர் என்று வந்துகொண்டே இருக்கிறது!

முதலில் பொருள். ஓக் மரப் பள்ளத்தாக்கு! அவ்வளவுதான்!

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி. அங்கே போல்டன் என்ற ஊர். அதை ஒட்டி ‘ஓக்கன்பாட்டம்’ என்ற இடம். அந்த இடத்துக்காரர்களுக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது! போல்டனில் ஓக்கன்பாட்டம் சாலை இன்றைக்கும் இருக்கிறது!

ஓக்கன்பாட்டம் எப்படி ஹிக்கின்பாதம் ஆனது? எல்லாம் நாக்கு செய்த வேலை! முதலில் ஈக்கன்பாட்டம். பிறகு இக்கன்பாட்டம். அந்த வட்டார வழக்கில் ‘ஹிக்கின்’ என்று இன்னொரு மரம் உண்டு. அதோடு குழம்பி ஹிக்கின்பாட்டம்! ஓக் மரம் பேசிப் பேசியே வேறு மரமாகிவிட்டது!

‘பாட்டம்’ என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அங்கேயும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது வெறும் பள்ளத்தாக்கின் தரை! ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம், ஷஃபிள்பாட்டம், சைட்பாட்டம் எல்லாம் இதே குடும்பம்தான். ஹாரி பாட்டரின் நண்பன் நெவில் லாங்பாட்டம் ‘நீண்ட பள்ளத்தாக்கு’க்காரன்!

கிரிக்கெட் ரசிகரா நீங்கள்? இயான் போத்தம் பெயரும் அதே பள்ளத்தாக்குதான்! ஹிக்கின்பாதத்தின் பின்பாதி அப்படியே அவர்! 1980இல் பம்பாய் வான்கடே டெஸ்டில் அவர் நம்மைப் புரட்டி எடுத்ததை மறக்க முடியுமா? 114 ரன்! கூடவே 13 விக்கெட்! ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர்தான்!

ரயன் சைட்பாட்டம் 2008இல் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தாரே, நினைவிருக்கிறதா? ஹாட்ரிக் எடுத்தும் இங்கிலாந்து தோற்றது! அவருடைய அப்பா ஆர்னி சைட்பாட்டம் இங்கிலாந்துக்காக ஆடிய டெஸ்ட் எத்தனை? ஒன்றே ஒன்று! ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் கால்பந்தும் ஆடியவர்! இது எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்கள்!

சரி, நம்ம மெட்ராஸுக்கு வருவோம்.

ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்தவர், மெட்ராஸ் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கேட்க அருமையாக இருக்கிறது! 1844இல் கடையைத் தொடங்கினார். சிப்பாய்க் கலகத்துக்கு 13 வருஷம் முன்னால்! இந்தியாவில் இன்றும் நடக்கிற புத்தகக் கடைகளில் மிகப் பழையது இதுதான்!

1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவருடைய அதிகாரபூர்வப் புத்தக வியாபாரி யார்? நம்ம மெட்ராஸ் ஹிக்கின்பாதம்!

புத்தகம் விற்றது மட்டுமா? சமையல் புத்தகமும் போட்டார்கள்! 1878இல் வெளிவந்த அந்தப் புத்தகம் மெட்ராஸ் துரைசானிகளுக்குச் சமையலறையைக் கட்டி மேய்க்கக் கற்றுக்கொடுத்தது. எழுதியவர் சமையல்காரர் இல்லை. மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி! ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டு எழுதினார். நம் மிளகுத்தண்ணி, ‘முல்லிகட்டானி’ சூப்பாகி உள்ளே உட்கார்ந்திருக்கிறது!

1888இல் அதே ஏபெல் ஜோஷுவா மெட்ராஸின் ஷெரீஃப்! டிக்கெட் இல்லாமல் வந்த கதை நிஜமாக இருந்தால், இதைவிடப் பெரிய பதவி உயர்வு உண்டா?

இன்றைய அண்ணா சாலைக் கட்டடம் 1904இல் வந்தது. அடுத்த வருஷமே பெங்களூரில் கிளை! கடைக்கு அப்போதே வயது 61!

மெட்ராஸோடு நின்றதா இந்தப் பெயர்? அன்றைய அலகாபாத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

சாம் ஹிக்கின்பாட்டம். இவர் எழுதிய எழுத்து வேறு, ஓக் மரம் ஒன்றுதான்! 1874இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அலகாபாத் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். நம் விவசாயிகளின் பாட்டைப் பார்த்ததும் பொருளாதாரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அமெரிக்கா போய் விவசாயம் படித்தார்! 1910இல் அலகாபாத்தில் யமுனைக் கரையில் அவர் தொடங்கிய வேளாண் கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். அவர் பெயரிலேயே!

இப்போது சிகாகோ!

1893இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சி நிறுவனத்தின் தலைவர் யார் தெரியுமா? ஹார்லோ ஹிகின்போதம்! ஒரு ‘க்’ கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுற்றியது அந்தக் கண்காட்சியில்தான். உயரம் 264 அடி! பெட்டிகள் 36! ஒரு பெட்டியில் 60 பேர்! ஒரே நேரத்தில் 2,160 பேர் வானத்தில்!

அதே கண்காட்சியை ஒட்டித்தான் சர்வ சமயப் பேரவை கூடியது. விவேகானந்தர் எழுந்து பேசிய அந்தப் பேரவை! அவரை அங்கே அனுப்ப அளசிங்கப் பெருமாள் மெட்ராஸில் வீடு வீடாக நிதி திரட்டினார். பணம் திரண்ட ஊரில் ஒரு ஹிக்கின்பாதம் கடை! போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு ஹிகின்போதம் தலைவர்!

ஆஸ்திரேலியாவில் இன்னொரு ஆச்சரியம்! ஜார்ஜ் ஹிகின்போதம், விக்டோரியா மாகாணத்தின் தலைமை நீதிபதி. 1890இல் கடல்துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீதிபதி என்ன செய்தார்? வேலைநிறுத்த நிதிக்கு 50 பவுன் அனுப்பினார்! அதோடு வாராவாரம் 10 பவுன்! தலைமை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே!

இருங்கள். பெரிய வெடியை இன்னும் கொளுத்தவில்லை!

வில்லியம் ஹிகின்போதம். அமெரிக்க இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது, அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மின்னணுப் பிரிவின் தலைவர். அணுகுண்டு எந்த நொடியில் வெடிக்க வேண்டும் என்று நேரம் பார்க்கும் சுற்றுகளைச் செய்தவர்கள் இவருடைய ஆட்கள்தான்! போர் முடிந்ததும் மனிதர் மாறிவிட்டார். அணு ஆயுதம் பரவக் கூடாது என்று கொடி பிடித்தார்!

1958 அக்டோபர். நியூயார்க் மாகாணத்து ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் நாள். வருகிறவர்கள் கொட்டாவி விடாமல் இருக்க என்ன செய்யலாம்? ஓர் அலைநோக்கி (ஆஸிலோஸ்கோப்) திரையில் டென்னிஸ் ஆட வைத்துவிட்டார்! திரை 5 அங்குலம்! பக்கவாட்டில் தெரியும் ஒரு மைதானம், நடுவே வலை, ஓர் ஒளிப்புள்ளிதான் பந்து. கையில் பிடிக்க ஒரு பெட்டி. குமிழைத் திருகினால் கோணம், பொத்தானை அமுக்கினால் அடி! வலையில் பட்டால் பந்து திரும்பி விழும்!

ஆட ஆள்கள் வரிசை கட்டி நின்றார்கள். நூற்றுக்கணக்கில்! அடுத்த வருஷம் திரை பெரிதானது. நிலாவின் ஈர்ப்பில் டென்னிஸ்! வியாழன் கிரகத்தின் ஈர்ப்பில் டென்னிஸ்! அப்புறம் அதைப் பிரித்து, பாகங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்!

உலகையே ஆட்டிவைத்த ‘பாங்’ வீடியோ கேம் வந்தது 1972இல்தான். ஹிகின்போதம் 14 வருஷம் முந்தி! காப்புரிமை வாங்கினாரா? இல்லை! வாங்கியிருந்தாலும் அது அரசாங்கத்துக்குத்தான் போயிருக்கும். ஆக, வருமானம் பூஜ்யம்!

மூச்சு வாங்குகிறதா? இன்னும் இருக்கிறது!

ஜே. சி. ஹிக்கின்போதம், லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்த ஜாஸ் கலைஞர். டிராம்போனில் வெளுத்து வாங்குவார்! பிறந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? ‘சோஷியல் சர்க்கிள்’! சத்தியமாக ஊர்ப் பெயர்தான்!

லியோன் ஹிக்கின்போதம், அமெரிக்கக் கறுப்பின நீதிபதி. 1995இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம்! அந்த நாட்டில் ஒரு குடிமகனுக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது!

இன்றைக்கு இந்தப் பெயர்க்காரர்கள் அதிகம் இருப்பது இங்கிலாந்தில் இல்லை. அமெரிக்காவில்!

கடைசியாக ஒரு கால்பந்துக் கதை. டேனி ஹிக்கின்போதம் மான்செஸ்டர்காரர், மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடியவர். பாட்டி ஊர் ஜிப்ரால்டர். அந்தக் குட்டிப் பிரதேசத்துக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இடம் கொடுத்ததும், 2013 நவம்பரில் ஸ்லோவாக்கியாவோடு முதல் ஆட்டம். 34 வயதைத் தாண்டிய டேனி, பாட்டியின் புண்ணியத்தில் சர்வதேச வீரர்! ஸ்லோவாக்கியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் மேல். ஜிப்ரால்டருடையது சுமார் 30,000. ஸ்கோர்? 0-0!