பாட்டி வீட்டுச் சாமி படங்களை விற்கலாமா?

மூத்தவர் ஒருவர் காலமான பிறகு வீவக வீட்டைக் காலி செய்யும்போது, மேசை நாற்காலிகளுக்கு எளிதில் வழி பிறந்துவிடுகிறது. பூசை அறைச் சுவரில் மங்கிப்போன லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு முன்னால்தான் குடும்பம் தயங்கி நிற்கிறது. ஒருவர் விலை கேட்டுப் பார்க்கலாம் என்பார். இன்னொருவர் “சாமியை விற்பதா?” என்பார்.

என் பாட்டி வீட்டில் இந்தப் பேச்சு இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் யாரோ மூன்று படங்களை அரச மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அவை எந்தக் காலத்துப் படங்கள் என்று இனித் தெரியப்போவதில்லை.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்று பேசுவதற்கு முன், கையில் இருப்பது என்ன என்று பார்ப்பது நல்லது.

ரவி வர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கும் கல் அச்சு முறை அது. சில ஆண்டுகளில் அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைசர் என்ற ஜெர்மானியரிடம் கைமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே, ஓரத்தில் ‘ரவி வர்மா பிரஸ்’ என்றிருந்தாலே அது அவர் வரைந்ததன் பிரதி என்று சொல்லிவிட முடியாது. நம் வீடுகளில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) வரைந்த நாட்காட்டிப் படங்களும் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை.

பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிடித்தாற்போல் ஒரே சீராக இருந்தால் அது பிற்கால மறுபதிப்பாக இருக்கலாம். சீரில்லாமல் சிதறியிருந்தால் கல் அச்சாக இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் தெய்வத்தின் புடவைக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரிக்கும் வழக்கம் இருந்தது. அதைக் குப்பை என்று பிய்த்துவிடாதீர்கள்.

ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகும் செய்தியைப் படித்துவிட்டு நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம். அச்சுப் படங்கள் ஏராளமாக விற்றவை. கறையும் பூஞ்சையும் இல்லாமல், அச்சக எழுத்துள்ள ஓரம் வெட்டப்படாமல் இருந்தால்தான் சேகரிப்பாளர் நின்று பார்ப்பார். சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று ஓரத்தை வெட்டுவதும், லேமினேட் செய்வதும் திருத்தவே முடியாத தவறுகள். நம் ஊர் ஈரப்பதத்தில் பின்பக்க மரப்பலகையே காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டாதீர்கள்.

அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை மதிப்பிட்டுத் தருவதில்லை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடத்துக்குக் கொடுக்க நினைத்தால், படத்தை யார், எங்கிருந்து கொண்டுவந்தார் என்ற விவரம் முக்கியம். விற்பதானாலும் அதே விவரம் உதவும். பின்பக்கத்தில் சட்டம் போட்ட கடையின் சீட்டு இருந்தால் கிழிக்காமல் படமெடுத்து வையுங்கள்.

எங்களிடம் மிஞ்சிய சரஸ்வதி படம் சின்ன அத்தை வீட்டுக்குப் போனது. மற்றவர்களுக்கு ஸ்கேன் செய்த பிரதி. பாட்டி அதை எந்த ஊரில் வாங்கினார் என்று கேட்டதற்கு, அத்தை ஒன்றும் பெரியப்பா ஒன்றுமாகச் சொன்னார்கள். இரண்டையும் எழுதி, ஓர் உறையில் போட்டுப் படத்தோடு கொடுத்தோம்.