பிரிண்டர் எழும்பவில்லையா? சுவரிலிருந்து தேடுங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் வழங்கப்பட்ட விளக்கவுரையின் எழுத்து வடிவம்)



நாளைக் காலையில் பிள்ளை பள்ளியில் இடுபணியை ஒப்படைக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிரிண்டரின் பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. இந்த நேரத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்புகிறோம். அல்லது, திருப்புளியை எடுத்து அதன் மூடியைக் கழற்றப் பார்க்கிறோம். முன்னது பணத்துக்கு நட்டம். பின்னது உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் சுவரிலிருந்து பிளக், ஃபியூஸ், கம்பி ஆகியவற்றைக் கடந்துதான் பிரிண்டரை அடைகிறது. இந்த வழியில் எங்கே தடைபட்டாலும் பிரிண்டர் எழும்பாது. ஆகவே, நாமும் அதே வரிசையில் தேடவேண்டும்.

முதலில் சுவர்

சுவர் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் மேசை விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பியில் மாட்டியிருந்தால் அதை விலக்கிவிட்டு, பிரிண்டரை நேராகச் சுவரில் மாட்டுங்கள். இடி மின்னலுக்குப் பிறகு என்றால், வீட்டு மின்பெட்டியில் ஏதாவது விசை கீழே விழுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிரிண்டரை மாட்டும்போதெல்லாம் அந்த விசை விழுந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோளாறு பிரிண்டரிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து கம்பி

வீட்டில் பயன்படுத்தும் மைத்தெளிப்பு பிரிண்டர்கள் பலவற்றில், கம்பியின் முனை எட்டு என்ற எண்ணைப் போல இருக்கும். பார்ப்பதற்கு மாட்டியதுபோலத் தெரிந்தாலும் அது தளர்ந்திருக்கலாம். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, நன்றாக அழுத்தி மாட்டுங்கள். சில வானொலிப் பெட்டிகளிலும் இதே கம்பி உண்டு. அதை மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால், பிரிண்டருக்குத் தனி அடாப்டர் இருந்தால், வேறு அடாப்டரை மாட்டிச் சோதிக்காதீர்கள். வோல்ட் மாறினால் நல்ல பிரிண்டரும் கெட்டுவிடும்.

பிளக்குக்குள் ஃபியூஸ்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பயன்படுத்தும் மூன்று முனைப் பிளக்குக்குள் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. அது போய்விட்டால் பிரிண்டர் பிணம்போலக் கிடக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே அதைக் கழற்றவேண்டும். அதே ஆம்பியர் கொண்ட வேறொரு நல்ல ஃபியூசைப் போட்டுப் பாருங்கள்.

3 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 3 ஆம்பியரே போடவேண்டும். எட்டு வடிவ முனை 2.5 ஆம்பியருக்கே உரியது. அவசரத்துக்கு 13 ஆம்பியர் போட்டால், கோளாறு ஏற்படும்போது ஃபியூஸ் போகாமல் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஃபியூசுக்குப் பதிலாக ஈயத்தாளைச் சுற்றுவதோ அதைவிட மோசம். புதுக்கம்பி வாங்கினால் மலேசியாவில் சிரிம் முத்திரையையும், சிங்கப்பூரில் பாதுகாப்புக் குறியையும் பார்த்து வாங்குங்கள்.

சற்று ஓய்வு கொடுங்கள்

இவை எல்லாம் சரியாக இருந்தும் எழும்பவில்லையா? மின்கம்பியையும் கணினிக் கம்பியையும் கழற்றுங்கள். பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் கழித்து மின்கம்பியை மட்டும் மாட்டிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, குழம்பிப்போன மின்சுற்று மீண்டும் இயங்க இது உதவும்.

அதற்குமேல் நாம் போகக்கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிரிண்டரின் மின்வழங்கிக்குள் அது ஏறக்குறைய 325 வோல்ட்டாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கே தங்கியிருக்கலாம். மேலும், மூடியைத் திறந்தால் உத்தரவாதமும் போய்விடக்கூடும். கடையில் கொடுத்து, முதலில் செலவைக் கேளுங்கள். புதியதன் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

இனி, இரண்டு பழக்கங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் பொத்தானாலேயே அணையுங்கள். அப்போதுதான் மை முனை தன் இடத்துக்குத் திரும்பி மூடிக்கொள்ளும், மை காயாது. இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தொலைநகல் வசதி இருந்தால் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.