ஏ.ஏ. கூட்டம்

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935இல் அமெரிக்காவில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகியோர் தொடங்கினர். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் சொல்ல வேண்டியதில்லை. வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் தெருக்காரர்களே உடன் வேலை செய்வதுண்டு. 'நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே' என்று கூசுவோர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போகலாம். முதல் நாள் பேசாமல் கேட்டிருந்தாலே போதும். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டம் இதற்கு மருந்தாகாது. முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் உள்ளது. அருகில் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடமே விசாரிக்கலாம்.